நொதித்தல் வழக்கில் வென்றவர் யார்? சர்க்கரையும் நுண்ணுயிரும் பற்றிய ஓர் இழை

வாசகர் கூற்று: 4 பிப்ரவரி 2024

சர்க்கரையைச் சாராயமாக மாற்றுவது உயிருள்ள ஈஸ்ட்தான் என்பதைப் பாஸ்டர் நிறுவினார். லீபிக் முதலான வேதியியலாளர்கள் வீம்புக்கு மறுத்து, கடைசியில் தோற்றுப்போனார்கள். ஆகவே நுண்ணுயிரியல் பிறந்த கதை என்பது வேதியியலின் பிடிவாதத்தை உயிரியல் வென்ற கதைதான். இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

4 பிப்ரவரி, இரவு

எனக்கு உண்டு. சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால் வேதியியலின் பக்கம் சாய்கிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். லீபிக்குக்கு எதிராகப் பாஸ்டர் வைத்த வாதங்களில் வலுவானது தராசிலிருந்து வந்தது. நுண்ணோக்கி அதற்குத் துணை நின்றது, அவ்வளவுதான்.

1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே, நொதிக்கும் சர்க்கரைக்கு வரவு செலவுக் கணக்கு எழுதினார். உள்ளே சென்ற எடையும் வெளியே வந்த எடையும் சமமாக இருந்தாக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய எண்களில் பல பிழைகள் இருந்தன. ஒரு பிழை இன்னொரு பிழையை ஈடுகட்டியதால் கணக்கு நேராகிவிட்டது. 1815இல் கே-லுசாக் அதைச் செப்பனிட்டு, நூறு பங்கு சர்க்கரையிலிருந்து ஏறத்தாழ 51 பங்கு சாராயமும் 49 பங்கு கார்பன் டை ஆக்சைடும் வரும் என்றார். இன்றைய பாடநூல் சமன்பாடும் இதையே சொல்கிறது.

1860இல் பாஸ்டர் செய்தது, இந்தக் கணக்கில் விழும் துண்டைப் பிடித்தது. சர்க்கரையில் ஏறத்தாழ 95 சதவீதமே அந்தச் சமன்பாட்டின்படி போகிறது. மீதியில் கிளிசரின் கிடைக்கிறது, சக்சினிக் அமிலம் கிடைக்கிறது, ஒரு பகுதி புதிய ஈஸ்ட்டின் உடலாகவே மாறிவிடுகிறது என்று அவர் காட்டினார். லீபிக் கூறியபடி, அழுகும் பொருளின் அதிர்வு பட்டுச் சர்க்கரை வெறுமனே உடைகிறது என்றால் இந்த ஐந்து சதவீதத்துக்கு விளக்கம் கிடையாது. கே-லுசாக்கின் எண் முன்னால் இல்லாதிருந்தால், எதிலிருந்து எவ்வளவு குறைகிறது என்று பாஸ்டரால் சொல்லியிருக்கவே முடியாது. உயிரியலின் வெற்றி என்று நீங்கள் குறிப்பிடுவது சர்க்கரை வேதியியலின் கணக்கேட்டின் மீது எழுதப்பட்டது.

5 பிப்ரவரி

ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். ஈஸ்ட் உயிருள்ளது என்பதை முதலில் சொன்னவர் பாஸ்டர் அல்லர். 1837ஆம் ஆண்டையொட்டி மூவர் தனித்தனியே அதைக் கண்டார்கள்: பிரான்சில் கன்யார் த லா தூர், ஜெர்மனியில் ஷ்வானும் கூட்சிங்கும். இவர்களில் கன்யார் த லா தூர் உயிரியலாளரே இல்லை. ஆலைச் சங்காக நாம் கேட்கும் சைரனை உருவாக்கிய பொறியியலாளர். ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகுவதை அவர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். உயிரியலுக்கும் வேதியியலுக்கும் நடந்த போர் என்று பிரித்தால் இவரை எந்தப் படையில் சேர்ப்பது?

5 பிப்ரவரி, மாலை

லீபிக் எவ்வளவு கடுமையாக எதிர்த்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடுமையைவிடக் கேலி அதிகம். 1839இல் அவருடைய ஆய்விதழில் பெயரில்லாமல் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் அவருடைய நண்பரும் வேதியியலாளருமான வோலர், அதற்கு உப்பும் காரமும் சேர்த்தவர் லீபிக். ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வாலைப் பாத்திர வடிவில் சின்னஞ்சிறு விலங்குகள் தெரிகின்றனவாம். அவை சர்க்கரையைத் தின்று, குடல் வழியாகச் சாராயத்தையும் சிறுநீர் உறுப்பு வழியாகக் கார்பானிக் அமிலத்தையும் வெளியேற்றுகின்றனவாம். சிறுநீர்ப்பை நிரம்பினால் ஷாம்பெய்ன் புட்டியின் வடிவத்துக்கு வருமாம். அறிவியல் கட்டுரைக்குரிய முகபாவம் சற்றும் மாறாமல் எழுதப்பட்டது. இன்று படித்தாலும் சிரிப்பு வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆபாசமான சொற்களை நீக்கிவிட்டால் அந்தக் கேலியின் உள்ளடக்கம் சரியானது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. சாராயமும் கார்பன் டை ஆக்சைடும் அதன் கழிவுகள்.

8 பிப்ரவரி

நுண்ணுயிரும் சர்க்கரையும் ஒன்றையொன்று எப்படிக் காட்டிக்கொடுத்தன, சில நேரங்களில் எப்படி ஏமாற்றின என்பதை நான் நூலில் படிக்குமுன் ஆலையில் பார்த்தேன்.

ஆலைச் சோதனைக்கூடத்தில் ‘போல்’ என்ற எண்ணைச் சுற்றித்தான் எல்லாமே நடக்கும். சாற்றில் ஈய அசிடேட் தூளைப் போட்டுக் கலக்கி, வடிகட்டி, தெளிந்த நீரைக் குழாயில் ஊற்றிப் போலாரிமீட்டரில் வைத்தால், கரும்புச் சர்க்கரை ஒளியின் தளத்தை வலப்பக்கமாக எவ்வளவு திருப்புகிறது என்பது தெரியும். அதிலிருந்து சர்க்கரையின் அளவைக் கணக்கிடுவோம். சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்பும் என்பதை 1815ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ. அவருடைய கண்டுபிடிப்பை வைத்துத்தான் உலகெங்கும் கரும்புக்கு விலை கட்டப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஒரு அரவைப் பருவத்தில் மழையும் இயந்திரப் பழுதும் சேர்ந்து, வெட்டிய கரும்பு யார்டிலேயே நின்றுவிட்டது. அந்தக் கரும்பின் சாற்றை வடிகட்ட வைத்தால் வடிதாளில் சொட்டுச் சொட்டாகக்கூட இறங்காது. குழாயில் ஊற்றினால் பால் கலந்த நீர் போல மங்கலாக இருக்கும். இத்தனைக்கும் போல் எண் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஏட்டில் சர்க்கரை உள்ளே வந்திருக்கிறது, மூட்டையில் இல்லை. இடையில் போனது எங்கே என்று நிர்வாகம் எங்களைக் கேட்டது. பாகைக் காய்ச்சிப் படிகமாக்கும் பான் அறையிலிருந்து வந்த படிகங்களோ ஊசி போல ஒரு திசையில் நீண்டிருந்தன.

காரணம் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியம். அது கரும்புச் சர்க்கரையைப் பிளந்து, அதன் குளுக்கோஸ் பாதிகளை நீண்ட சங்கிலியாகக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற கோழையை உண்டாக்குகிறது. அந்தக் கோழை ஒளியைக் கரும்புச் சர்க்கரையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வலப்பக்கம் திருப்பும். ஆகவே, சர்க்கரையை அழித்த உயிரே சர்க்கரை இருப்பது போன்ற பொய்க் கணக்கையும் எழுதி வைத்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய பீட் சர்க்கரை ஆலைகளிலும் இதே தொல்லை இருந்தது. குழாய்களை அடைக்கும் அந்தக் கட்டிகளை ஜெர்மானியத் தொழிலாளர்கள் தவளை முட்டை என்று அழைத்தார்கள். 1861இல் பாஸ்டர் இத்தகைய கொழகொழப்பை நுண்ணுயிரின் வேலை என்றார். 1874இல் ஷைப்லர் அதை மாவுச்சத்தின் உறவுப் பொருளாக இனங்கண்டு டெக்ஸ்ட்ரான் எனப் பெயரிட்டார். 1878இல் வான் டீகெம் அந்த உயிருக்கு லியூகோநாஸ்டாக் எனப் பெயர் வைத்தார். பொருளைக் கண்டவர் வேதியியலாளர், உயிரை வகைப்படுத்தியவர் தாவரவியலாளர், சிக்கலைக் கொண்டுவந்தவர் ஆலை முதலாளி. நம் வாசகர் கூறும் போர்க்களத்தில் இந்த மூவரும் ஒரே கூடாரத்தில் இருக்கிறார்கள்.

9 பிப்ரவரி

மருத்துவமனையில் ஏற்றும் டெக்ஸ்ட்ரான் வேறா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேறல்ல, இதே பொருள்தான். 1940களில் சுவீடனில் குரோன்வாலும் இங்கெல்மானும் இதை இரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டார்கள். எங்கள் யார்டில் உற்பத்தியானது அந்தத் தரம் அல்ல.

11 பிப்ரவரி

பாஸ்டர் நுண்ணுயிருக்கு வந்ததே படிகங்களின் வழியாகத்தான் என்று இன்னொரு நண்பர் நினைவூட்டியிருக்கிறார். சரியான இடத்தில் கை வைத்தார்.

ஒயின் பீப்பாயில் படியும் டார்டாரிக் அமிலம் ஒளியைத் திருப்பும். அல்சாசில் தான் என்ற ஊரின் தொழிற்சாலையில் கிடைத்த ரசிமிக் அமிலம் திருப்பாது. பகுப்பாய்வில் இரண்டும் ஒன்று. 1848இல், 25 வயதுப் பாஸ்டர், ரசிமிக் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கிப் பார்த்தபோது, அதில் இருவகைப் படிகங்கள் கலந்திருந்தன. ஒன்றில் சிறிய முகம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, மற்றதில் இடப்பக்கம். அவற்றைக் கையால் பொறுக்கித் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலமாகவும் மற்றது இடமாகவும் திருப்பியது. முதியவரான பியோ இதை நம்பாமல், தம்முடைய இரசாயனங்களைக் கொடுத்துத் தம் கண்முன்னே செய்து காட்டச் சொன்னார், பார்த்ததும் நெகிழ்ந்துபோனார்.

அரவை இல்லாத மாதங்களில் இதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். மேசைமேல் வைத்த பீக்கரில் வந்த படிகங்களில் வலமும் இல்லை, இடமும் இல்லை. எல்லாம் ஒரே வகை. இந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழே படிந்தால்தான் இரு கைகளும், அதாவது வல, இட வடிவங்களும், பிரிகின்றன. அதற்கு மேலே போனால் இரண்டும் கலந்த ஒரே படிகமாகிவிடும். ஏப்ரல் மாதத்து ஆலைக்கூடத்தில் 27 டிகிரிக்கு எங்கே போவது? பிறகு கருவி அறையின் ஏசிக்கு அடியில் மெதுவாக உலர வைத்தபோது நல்ல பருமனான படிகங்கள் வந்தன. கைவில்லையை வைத்து அந்தச் சாய்ந்த முகத்தைத் தேடும்போதுதான் பாஸ்டரின் கண் எப்படிப்பட்டது என்பது புரிகிறது. பாதிப் படிகங்களில் அந்த முகம் நகக்கணு அளவுகூட வளர்ந்திருக்காது, ஒன்றோடொன்று ஒட்டியும் கிடக்கும். தேறியவற்றை வலம், இடம் எனப் பிரித்துக் கரைத்து எங்கள் போலாரிமீட்டரில் வைத்தேன். எண்கள் இரு பக்கமும் சென்றன. கூட இருந்த உதவியாளர், “இதற்கு என்ன சார் விலை?” என்று கேட்டார்.

12 பிப்ரவரி

நேற்றைய குறிப்பின் அடுத்த படி இதுதான், இதைச் சொல்லாமல் விட்டால் இழைக்கே பொருளில்லை.

ரசிமிக் அமிலத்தின் அம்மோனியம் உப்பில் நொதித்தல் தொடங்கியபோது, உயிர்கள் வலக்கை வடிவத்தை மட்டும் தின்று இடக்கை வடிவத்தை மிச்சம் வைத்தன என்பதை 1858இல் பாஸ்டர் வெளியிட்டார். பூஞ்சையும் அப்படியே செய்தது. கையால் பொறுக்கத் தேவையில்லை. ஒளியைத் திருப்பாத கரைசல் நாளடைவில் தானாகவே இடமாகத் திருப்பத் தொடங்குகிறது. வேதியியலாளரின் தராசுக்கும் அமிலத்துக்கும் வேறுபாடு தெரியாத இரு மூலக்கூறுகளை ஒரு பூஞ்சை பிரித்தறிகிறது.

இங்கிருந்து ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷருக்கு வாருங்கள். குளுக்கோஸ் குடும்பத்தில் 16 வடிவங்கள் இருக்கக்கூடும் என்பது வான்ட் ஹாஃபின் 1874ஆம் ஆண்டுக் கோட்பாட்டிலிருந்து வருவது. எது எந்த வடிவம் என்பதைத் தீர்க்க ஃபிஷருக்கு முதன்மைக் கருவியாக இருந்தது அவரே கண்டறிந்த பினைல்ஹைட்ரசீன். அதோடு சேர்ந்தால் பாகாகவே நிற்கும் சர்க்கரைகளும் மஞ்சள் படிகங்களாகப் படியும். அந்தப் பொருளே அவருடைய உடலைப் பல ஆண்டுகள் கெடுத்தது. 1891இல் குளுக்கோஸின் வடிவத்தை அவர் தீர்த்தார்.

பலரும் கவனிக்காதது, அவருடைய மேசையில் இருந்த இன்னொரு கரணி (பொருளைச் சோதித்தறிய உதவும் பொருள்) ஈஸ்ட் என்பது. செயற்கையாகத் தொகுத்த, இரு கைகளும் கலந்த ஃபிரக்டோஸில் ஈஸ்ட்டைப் போட்டார். இயற்கையான கையை அது தின்றுவிட, இயற்கையில் கிடைக்காத மறு கை மிஞ்சியது. 1894இல் டியர்ஃபெல்டருடன் சேர்ந்து, தூய வளர்ப்பு ஈஸ்ட் வகைகள் பலவற்றுக்குப் பலவிதச் சர்க்கரைகளைக் கொடுத்துப் பார்த்தார். தூய வளர்ப்பு என்பது 1883இல் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையில் ஹான்சன் உருவாக்கிய முறை. அது இல்லாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. ஆறு கார்பன் சர்க்கரைகளுள் டி-குளுக்கோஸ், டி-மான்னோஸ், டி-ஃபிரக்டோஸ், டி-காலக்டோஸ் ஆகிய நான்கு மட்டுமே நொதித்தன. அவர் செயற்கையாகச் செய்தவற்றைப் பெரும்பாலும் ஈஸ்ட் தொடவில்லை. பூட்டும் சாவியும் போல நொதியும் சர்க்கரையும் பொருந்த வேண்டும் என்று அவர் அதே ஆண்டு எழுதியதற்கு இந்தத் தொடாத சர்க்கரைகளும் ஓர் அடித்தளம்.

ஆகவே என் கருத்தை இப்போது இப்படித் தெளிவாக்குகிறேன்: அந்த நூற்றாண்டில் சர்க்கரை, நுண்ணுயிரை அளக்கும் அளவுகோலாக இருந்தது, நுண்ணுயிர், சர்க்கரையின் வடிவத்தை அறியும் கரணியாக இருந்தது.

12 பிப்ரவரி, பின்னிரவு

பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு தடவுவதும் இதில் சேருமா என்று கேட்டவருக்கு: சேரும். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அடங்குகின்றன. சர்க்கரை, குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைவதும் தடைபடுகிறது. சுண்ணாம்பு இல்லாத பானையில் கள்தான் இறங்கும். உடைந்த சர்க்கரையிலிருந்து கருப்பட்டி இறுகாது என்பது பனையேறிகளுக்கு எந்தச் சமன்பாடும் இல்லாமல் தெரியும்.

16 பிப்ரவரி

“நொதிகளைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் பூக்னர்” என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. 1811இல் கிர்ஷாஃப், பீட்டர்ஸ்பர்க்கில், மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்துடன் காய்ச்சிச் சர்க்கரையாக்கினார். நெப்போலியன் காலத்து முற்றுகையால் ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. 1833இல் பாயனும் பெர்சோவும் முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றில் சாராயத்தை ஊற்றி ஒரு வெண்பொருளை வீழ்படிவாக்கினார்கள். அமிலமும் கொதிப்பும் இல்லாமல் அதன் ஒரு பங்கு 2000 பங்கு மாவுச்சத்தைக் கரைக்கும் என்றார்கள். டயஸ்டேஸ் என்பது அதுதான். பாயனே பீட் சர்க்கரை ஆலை நடத்தியவர். 1860இல் பெர்த்லோ, கரும்புச் சர்க்கரையைப் பிளக்கும் நொதியை ஈஸ்ட்டிலிருந்தே பிரித்தெடுத்தார்.

பூக்னர் 1897இல் காட்டியது வேறு: சர்க்கரை சாராயமாவதற்கே உயிருள்ள செல் தேவையில்லை. ஒரு கிலோ ஈஸ்ட், அதே எடைக்குக் குவார்ட்ஸ் மணல், 250 கிராம் கீசல்கூர் என்ற நுண்ணிய மண் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தார். அந்தக் களி கையில் ஈரமாகப் பிசுபிசுக்கும் வரை அரைத்து, துணியில் கட்டி நீரழுத்தப் பொறியில் நெரித்தால் ஏறத்தாழ அரை லிட்டர் சாறு வந்தது. நோக்கம் சாராயம் அல்ல. சாற்றை மருத்துவச் சோதனைக்கு எடுத்து வைப்பதுதான். கெட்டுப்போகாமல் இருக்க, ஊறுகாய் போடும் அறிவோடு நிறையச் சர்க்கரையைச் சேர்த்தார்கள். சாறு குமிழ்விடத் தொடங்கியது.

17 பிப்ரவரி

அப்படியானால் இறுதியில் லீபிக்தான் வென்றாரா என்று கேட்கிறார்கள். நானும் நேற்றிரவு முழுவதும் அந்தப் பக்கமாகவே யோசித்தேன். காலையில் மனம் ஒப்பவில்லை. உயிரின்றி நொதித்தல் இல்லை என்ற பாஸ்டரின் வாக்கியம் 1897இல் விழுந்தது உண்மை. ஆனால் அந்த நொதிகளைச் செய்வது உயிருள்ள செல்கள் மட்டுமே. லீபிக் சொன்னது போல அழுகும் எந்தப் பொருளிலும் அவை எழுவதில்லை. பாஸ்டரின் 1861ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புகளையும் மறக்கக்கூடாது. பியூட்ரிக் நொதித்தலை நடத்தும் உயிர்கள் கண்ணாடித் தகட்டில் வைத்த துளியின் நடுவில் ஓடியாட, காற்றுப்படும் விளிம்பில் அசைவற்றுப் போனதை அவர் பார்த்தார். காற்று இருந்தால் ஈஸ்ட் குறைந்த சர்க்கரையில் நிறைய வளரும், காற்று இல்லாவிட்டால் கொஞ்சம் வளர நிறையச் சர்க்கரையைச் செலவழிக்கும் என்பதையும் அளந்தார். செல்லை விட்டுவிட்டு இவற்றைச் சொல்ல முடியாது.

செல் இல்லாத சாறும் சீக்கிரம் சோர்ந்துவிடும். 1906ஐ ஒட்டி லண்டனில் ஹார்டனும் யங்கும் அதில் பாஸ்பேட்டைச் சேர்த்தார்கள். நொதித்தல் மீண்டும் வேகமெடுத்தது. சேர்த்த பாஸ்பேட் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் சர்க்கரை வேதியியல்.

21 பிப்ரவரி

அகாரைப் பற்றி எழுதச் சொன்னவர்களுக்குச் சுருக்கமாக. நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக்கின் கூடத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸே பாக்டீரியா வளர்த்த ஜெலட்டின் தட்டுகள் கோடையில் உருகின. உருகாதவற்றைப் பாக்டீரியா தின்று நீராக்கியது. அவருடைய மனைவி ஃபேனி, ஜாவாவில் வாழ்ந்தவர்களிடம் கற்ற சமையல் வழக்கத்திலிருந்து அகாரைச் சொன்னார். அது புரதம் அல்ல, கடற்பாசியின் சர்க்கரைச் சங்கிலி. பெரும்பாலான பாக்டீரியாவுக்கு அதைப் பிளக்கும் நொதி கிடையாது. ஃபிஷரின் பூட்டு இங்கே தலைகீழாகப் பயன்படுகிறது: சாவி இல்லாததால்தான் தட்டு நிற்கிறது. 1882இல் காசநோய்க் கிருமிக் கட்டுரையில் காக் அகாரை ஒரு வரியில் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகாருக்குத்தான் போகிறது. அவர்களுடைய பெயரும் எந்தத் தட்டிலும் இல்லை.

2 மார்ச்

ஓர் ஆலையில் இப்போது பணியில் இருக்கும் தம்பி கேட்டது: “சாற்றில் அமைலேஸ் நொதியை ஊற்றினோம், மாவுச்சத்து குறைந்தது, டெக்ஸ்ட்ரான் அப்படியே நிற்கிறது. மருந்து போலியா?”

போலி இல்லை. மாவுச்சத்தும் டெக்ஸ்ட்ரானும் குளுக்கோஸால் ஆனவையே என்றாலும் கோத்திருக்கும் விதம் வேறு. மாவுச்சத்தில் பெரும்பாலும் ஒன்றாம் கார்பனும் நான்காம் கார்பனும் இணைகின்றன, டெக்ஸ்ட்ரானில் ஒன்றும் ஆறும். பாயனும் பெர்சோவும் கண்டதன் வழிவந்த அமைலேஸுக்கு இரண்டாவது இணைப்பு பொருந்தாது. அதற்குப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் டெக்ஸ்ட்ரனேஸ் வேண்டும். அதையும் கொதிக்கும் பாகில் ஊற்றினால் பயனில்லை. ஏறத்தாழ 50 டிகிரியில் வேலை செய்வது, ஆகவே சாறு நன்றாகச் சூடாவதற்கு முன்பே சேர்த்து, தங்கிச் செல்ல நேரமும் கொடுக்க வேண்டும். விலையும் குறைவல்ல. வாங்க உத்தரவு போடுவதற்கு முன், கட்டிங் ஆர்டர் தேதியையும் எடைமேடைச் சீட்டின் நேரத்தையும் அருகருகே வைத்து, கரும்பு எவ்வளவு நேரம் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.